ஊரில் உள்ள ஹாஸ்பிஸ் நல்லதா? சேர்ப்பதற்கு முன் வீட்டார் கேட்க வேண்டியவை

"இனி கீமோ கொடுத்துப் பயனில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வலி வந்தால் எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் ஒரு வரிகூட இருப்பதில்லை. சென்னையில் வீடு வீடாகப் போய் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்க்கும் ஒரு குழுவோடு தன்னார்வலராகப் போய்வருகிறேன். வீட்டார் அங்கே திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதியது. மருந்தும் அதன் அளவும் உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை.

ஹாஸ்பிஸ் என்றால் என்ன? முதியோர் இல்லம் மாதிரியா?

இல்லை. நோயைக் குணமாக்க முடியாத கட்டத்தில் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, புண், தூக்கமின்மை, பயம் இவற்றையெல்லாம் குறைத்து, மிச்சமிருக்கும் நாட்களை நோயாளி தன் விருப்பப்படி கழிக்க உதவும் மருத்துவ ஏற்பாடு அது. 1967-ல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ்தான் இன்றைய ஹாஸ்பிஸ்களுக்கு முன்மாதிரி. இந்தியாவில் முதலாவது 1986-ல் மும்பையில் வந்த சாந்தி அவேத்னா. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து தொடங்கிய சங்கம், ஊர்க்காரர்களையே பயிற்றுவித்து வீட்டுக்கு வீடு போக வைத்தது. 2008-ல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது.

நம் ஊரில் இது நான்கு விதமாகக் கிடைக்கிறது. படுக்கை வசதியோடு அறக்கட்டளைகள் நடத்தும் ஹாஸ்பிஸ்கள். பெரிய மருத்துவமனைகளில் உள்ள பாலியேட்டிவ் கேர் (வலியையும் வேதனையையும் குறைக்கும் ஆதரவு சிகிச்சை) பிரிவு, வேலூர் சி.எம்.சி.யில் இருப்பது போல. வீட்டுக்கு வரும் குழுக்கள். அப்புறம் வீட்டுக்கே வரும் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். இவை போக, ஹோம் நர்சிங் ஏஜென்சிகளும் முதியோர் இல்லங்களும் பெயர்ப்பலகையில் 'பாலியேட்டிவ் கேர்' என்று சேர்த்துக்கொள்வது இப்போது அதிகமாகி வருகிறது. அதில் நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பலகையை நம்பிச் சேர்த்துவிட முடியாது என்பதால்தான் இத்தனை கேள்விகளும்.

இவற்றுக்கெல்லாம் ரேட்டிங் எங்காவது இருக்கிறதா?

அமெரிக்காவில் அரசுக் காப்பீடான மெடிகேர் தன் இணையதளத்தில் ஹாஸ்பிஸ்களை ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிறது. நோயாளி இறந்த பிறகு குடும்பத்தினரிடம் கருத்துக் கேட்டு, வலியை நன்றாகக் கவனித்தார்களா, கூப்பிட்ட நேரத்தில் வந்தார்களா என்பதையெல்லாம் மதிப்பெண்ணாகப் போடுகிறார்கள். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. கூகுள் நட்சத்திரங்கள் கட்டடம், ரிசப்ஷன், பார்க்கிங் பற்றிச் சொல்லும். ராத்திரி வலி வந்தபோது என்ன நடந்தது என்பதை அபூர்வமாகத்தான் சொல்லும். அதனால் அங்கே உறவினரை வைத்துப் பார்த்த ஒன்றிரண்டு குடும்பங்களிடம் நேரில் பேசுங்கள். "நல்லா பார்த்தாங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "கடைசி வாரம் எப்படி இருந்தது? வலி இருந்ததா? யார் கூட இருந்தார்கள்?" என்று கேளுங்கள்.

அங்கே போனால் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

"வாய்வழியாகக் கொடுக்கும் மார்ஃபின் உங்களிடம் இருப்பு இருக்கிறதா?"

இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில் மற்ற பத்துப் பதில்களை விட அதிகம் சொல்லிவிடும். முற்றிய புற்றுநோயில் வரும் கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரைதான் அடிப்படை மருந்து. விலை அதிகமில்லாத மருந்து. உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வலி மருந்துகளின் படிநிலையை வெளியிட்டபோது மேல்படியில் வைத்த மருந்து. ஆனால் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காது. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டம் அத்தனை லைசென்ஸ்களைக் கேட்டதால் ஆஸ்பத்திரிகளே மார்ஃபினைக் கைவிட்டன. வலியில் துடித்தவர்களுக்கு மருந்து இருந்தும் இல்லாத நிலை பல வருடம் நீடித்தது. 2014-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட சில மருந்துகளை அத்தியாவசியம் என்று பிரித்து, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் அவற்றை வாங்கி வைத்துக் கொடுக்கலாம் என்று எளிமையாக்கினார்கள்.

எனவே அடுத்த கேள்வி: "அந்த அங்கீகாரம் உங்களுக்கு இருக்கிறதா?" சிறிய இடமாக இருந்து, அங்கீகாரம் பெற்ற வேறு மருத்துவமனையிலிருந்து ஒழுங்காக வாங்கித் தருகிறார்கள் என்றால் பரவாயில்லை. "இங்கே அதெல்லாம் தேவைப்படாது, டிராமடால் ஊசி போதும்" என்று, மார்ஃபினை விடப் பலம் குறைந்த மருந்தைச் சொன்னால் நான் வேறு இடம் பார்ப்பேன்.

மருந்து இருந்தால் மட்டும் போதாது, கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் 4 மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். "வலித்தால் கொடுங்கள்" என்று மட்டும் எழுதிக்கொடுக்கிற இடத்தில் நோயாளி ஒவ்வொரு முறையும் வலித்துத் துடித்த பிறகுதான் மருந்து பெறுவார். இடையில் திடீரென்று வலி ஏறினால் கூடுதலாக எவ்வளவு கொடுக்கலாம் என்பதும் சீட்டில் எழுதியிருக்க வேண்டும். மார்ஃபின் எடுக்கும் ஏறக்குறைய எல்லோருக்கும் மலச்சிக்கல் வரும், அது தானாகச் சரியாகாது. எனவே அதே சீட்டில் மலமிளக்கியும் இருக்கிறதா என்று பாருங்கள். மார்ஃபின் எழுதி மலமிளக்கி எழுதாத சீட்டு, எழுதியவருக்குப் பழக்கமில்லை என்பதைக் காட்டும்.

இன்னொன்று. வலி எல்லாம் ஒன்றல்ல. நரம்பு வலி எரிச்சலாக, ஷாக் அடிப்பது போல இருக்கும். அதற்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற வேறு மருந்துகள் உண்டு. எலும்பில் பரவிய புற்றுநோய்க்குப் பல நேரம் ஒரே ஒரு முறை கதிர்வீச்சு கொடுத்தாலே வலி நன்றாகக் குறைகிறது. "எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, 0 முதல் 10 வரை எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வைத்து, அடுத்த நாள் அதையே திரும்பக் கேட்கிற இடம் நல்ல இடம்.

மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்கிறார்களே?

வலிக்கு ஏற்ற அளவில், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொடுக்கும் மார்ஃபின் உயிரைப் பறிப்பதில்லை. முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம். பல நாள் தூங்காதவர் வலி குறைந்ததும் நன்றாகத் தூங்குவார், அதைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அப்படித் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அடிமையாகிவிடுவார் என்ற பயமும் இந்த நிலைமையில் உள்ளவர்களுக்குப் பொருந்தாது. நல்ல ஹாஸ்பிஸில் இதை நீங்கள் கேட்பதற்கு முன்பே உட்கார வைத்து விளக்குவார்கள்.

டாக்டர், நர்ஸ் இவர்களின் தகுதியை எப்படித் தெரிந்துகொள்வது?

நேராகவே கேட்கலாம், தப்பில்லை. பாலியேட்டிவ் மெடிசினில் எம்.டி. படிப்பு இந்தியாவில் கடந்த பதினைந்து வருடங்களுக்குள் வந்ததுதான், அப்படிப் படித்தவர்கள் இன்னும் குறைவு. அதனால் எம்.டி. இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். மயக்கவியல், புற்றுநோய், பொது மருத்துவம் படித்துவிட்டு இந்தியப் பாலியேட்டிவ் கேர் சங்கத்தின் சான்றிதழ் வகுப்பையோ, கேரளத்தில் உள்ள மையங்களின் பயிற்சியையோ முடித்தவர்கள் சிறப்பாகச் செய்கிறார்கள். நர்ஸ்களும் இந்தப் பயிற்சி எடுத்திருக்கிறார்களா என்று தனியாகக் கேளுங்கள். நோயாளியோடு இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.

டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், எத்தனை படுக்கைக்கு எத்தனை நர்ஸ், ராத்திரி ஷிஃப்டில் எத்தனை பேர் என்பதும் முக்கியம். பகலில் நிறையப் பேர் இருப்பார்கள். ராத்திரி ஒரே ஒரு ஆயாவை விட்டுவிட்டுப் போகிற இடங்கள் உண்டு.

ராத்திரி 2 மணிக்கு ஏதாவது ஆனால்?

இதை அப்படியே கேட்டு, பதிலை எழுதிக்கொள்ளுங்கள். யார் போன் எடுப்பார்கள்? டாக்டரிடம் பேசச் சொல்வார்களா? மருந்தைக் கூட்டிக் கொடுக்க நர்ஸுக்கு முன்கூட்டியே உத்தரவு எழுதி வைத்திருக்கிறார்களா? "108-க்கு போன் பண்ணிடுவோம்" என்பதுதான் முழுப் பதில் என்றால், அந்த இடத்தில் உங்கள் அம்மாவோ அப்பாவோ கடைசி நேரத்தில் ஆம்புலன்ஸிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் இருப்பார்கள். அதைத் தவிர்க்கத்தானே ஹாஸ்பிஸைத் தேடுகிறோம்.

சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் அவர்கள் கொடுத்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள். எடுக்கிறார்களா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

நேரில் போனால் எதைக் கவனிப்பது?

முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். அதன் பிறகு இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள். ரிசப்ஷனிலேயே உட்கார வைத்து பிரசுரம் கொடுத்து அனுப்பினால், வார்டைப் பார்க்க வேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள். நோயாளிகளின் தனிமையைக் காக்க ஒருவர் கூட வருவது நியாயம். பார்க்கவே விடமாட்டோம் என்பது நியாயமில்லை.

உள்ளே நுழைந்ததும் வாடை. புற்றுநோய்ப் புண்கள் நாறும், அது இயல்பு. அதற்கும் எளிய மருந்து இருக்கிறது: மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினால் இரண்டு மூன்று நாளில் வாடை வெகுவாகக் குறையும். இது மிகச் சில ரூபாய் வேலை. அதைக்கூடச் செய்யாமல் பினாயிலையும் ரூம் ஸ்பிரேயையும் நம்பியிருக்கிறார்களா என்பதைப் பாருங்கள்.

படுத்திருப்பவர்களின் வாயைப் பாருங்கள். உதடு வெடித்து, நாக்கில் வெள்ளை படிந்து காய்ந்து கிடந்தால் வாய் சுத்தம் செய்வதில்லை என்று அர்த்தம். பேச முடியாதவர்களுக்கு இதுதான் பெரிய கொடுமை. நகம், தலைமுடி, ஷேவிங், யூரின் பேக் நிரம்பி வழிகிறதா, தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் போக முடிந்தால் இன்னும் நல்லது. ஊட்டிவிடுகிறவர் அவசரப்படுகிறாரா, நோயாளி மென்று முடிக்கும் வரை காத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

பணியாளர்கள் நோயாளியை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். "மூணாம் நம்பர் பெட்" என்கிறார்களா, "அம்மா, திரும்பிப் படுக்கலாமா?" என்கிறார்களா? டயபர் மாற்றும்போது திரை இழுக்கிறார்களா? என் மனதில் எந்தச் சான்றிதழையும் விட இது பெரியது. மயக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லிவிட்டுத் தொடுகிற நர்ஸ் இருக்கும் வார்டில் யாரையும் தைரியமாக விட்டுவிட்டு வரலாம்.

படுக்கைப்புண் இருப்பது கவனிப்புக் குறைவுக்கு அடையாளமா?

எப்போதும் இல்லை. எலும்பும் தோலுமாக ஆகிவிட்டவர்களுக்குக் கடைசி நாட்களில் எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் புண் வரலாம். ஆனால் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறார்களா, அதை ஒரு தாளில் நேரத்தோடு குறிக்கிறார்களா, ஏர் பெட் இருக்கிறதா, சேரும்போதே உடம்பு முழுக்கப் பார்த்து எங்கே புண் இருக்கிறது என்று எழுதிக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். சேர்க்கும் அன்று நீங்களும் கூட இருந்து பாருங்கள். பிறகு யார் மீதும் வீண்பழி வராது.

எப்போது சேர்ப்பது? கடைசி நேரத்தில் போதாதா?

இதில்தான் நம் குடும்பங்கள் பெரும்பாலும் தாமதம் செய்கின்றன. கடைசி இரண்டு நாளில் கொண்டுபோனால் எவ்வளவு நல்ல குழுவாலும் அதிகம் செய்ய முடியாது. 2010-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோய் முற்றியவர்கள் 151 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் கேரும் கொடுத்தார்கள். அவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது, கடைசிக் காலத்தில் வீண் சிகிச்சைகளும் குறைந்தன. அப்படியிருந்தும் அவர்கள்தான் அதிக நாள் வாழ்ந்தார்கள்: அவர்களில் பாதிப் பேர் 11.6 மாதத்துக்கு மேல், மற்றவர்களில் பாதிப் பேர் 8.9 மாதத்துக்கு மேல்.

எனவே கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே வலிக்காகப் பார்க்க வரலாமா என்று கேளுங்கள். "எல்லாம் முடிந்த பிறகு வாருங்கள்" என்று சொல்லாத குழுதான் நல்ல குழு.

புற்றுநோய் இல்லாதவர்களையும் எடுப்பார்களா?

சில ஹாஸ்பிஸ்கள் புற்றுநோயாளிகளுக்காகவே தொடங்கப்பட்டவை, அவர்களை மட்டும்தான் எடுக்கும். இதயம் செயலிழந்தவர்கள், டயாலிசிஸை நிறுத்திய சிறுநீரக நோயாளிகள், மறதி நோய் முற்றியவர்கள், பக்கவாதத்தில் படுத்தவர்கள், நுரையீரல் நோயாளிகள் இவர்களுக்கும் இதே கவனிப்பு தேவை. போனிலேயே கேட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம். குழந்தை என்றால் குழந்தைகளுக்கான மருந்தளவும் விளையாட்டும் தெரிந்த குழுவா என்பதையும் கேளுங்கள்.

"நோயைப் பற்றி அப்பாவிடம் சொல்லாதீர்கள்" என்று நாங்கள் கேட்டுக்கொண்டால்?

ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இது வரும். அன்பினால் சொல்வதுதான், புரிகிறது. ஆனால் அப்பாவுக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று அவரும் சொல்லாமல் இருப்பார். ஒரே அறையில் இருந்துகொண்டு இரண்டு பக்கமும் தனித்தனியாக அழுதுகொண்டிருப்பார்கள்.

இந்த இடத்தில் குழு என்ன செய்கிறது என்பது அதன் தரத்துக்கு நல்ல அளவுகோல். "சொல்லித்தான் ஆவோம்" என்று பட்டென்று போட்டு உடைப்பவர்களும் வேண்டாம், "நீங்கள் சொன்னபடியே குளுக்கோஸ் போட்டு சமாளிக்கிறோம்" என்பவர்களும் வேண்டாம். அனுபவமுள்ள டாக்டரோ கவுன்சிலரோ முதலில் உங்கள் பயத்தைக் கேட்பார். பிறகு நோயாளியிடம் போய், "உங்கள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? ஏதாவது தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?" என்று அவர் வாயிலிருந்தே வரவைப்பார். அவர் கேட்கிற அளவுக்கு மட்டும் சொல்வார். அதற்குப் பிறகு பல வீடுகளில் பேங்க் விவரம், மகள் கல்யாணம், பழைய சண்டை எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

சாப்பிடுவதை நிறுத்திவிட்டால் ட்ரிப் போடுவார்களா?

"சாப்பிடாமல் விட்டால் பட்டினியில் போய்விடுவாரே" என்ற வேதனை எனக்கும் தெரியும். ஆனால் கடைசி நாட்களில் உடம்பு உணவை ஏற்பதை நிறுத்திக்கொள்கிறது, பசியும் இருக்காது. அந்த நேரத்தில் பாட்டில் பாட்டிலாக ட்ரிப் ஏற்றினால் கை கால் வீங்கி, நெஞ்சில் சளி கட்டி மூச்சு இன்னும் கஷ்டமாகும். மூக்கு ட்யூபும் பலருக்குத் தொல்லைதான். எல்லோருக்கும் ஒரே விதி இல்லை. தொண்டைப் புற்றுநோயில் விழுங்க முடியாமல் மட்டும் இருப்பவர்க்கு ட்யூப் பெரிய உதவியாக இருக்கும்.

எனவே கேட்க வேண்டியது: "ட்ரிப் போடுவதா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வீர்கள்?" நன்மை தீமையை உங்களோடு பேசி, வாயை ஈரமாக வைத்திருப்பது, சிறிது சிறிதாகப் பிடித்ததைக் கொடுப்பது என்று வழி சொல்கிறவர்களை நம்பலாம். மூச்சுத்திணறலுக்கும் இப்படியே. ஆக்ஸிஜன் சிலிண்டர் தவிர வேறு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். முகத்தில் படும்படி ஒரு சின்ன ஃபேன், தலையை உயர்த்தி வைத்தல், குறைந்த அளவு மார்ஃபின் என்று பதில் வந்தால் அவர்களுக்கு வேலை தெரியும்.

வென்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதி வைக்கலாமா? ஹாஸ்பிஸ் அதை மதிக்குமா?

எழுதி வைக்கலாம். 2018 மார்ச் 9-ல், காமன் காஸ் என்ற தொண்டு நிறுவனம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், கண்ணியத்தோடு இறப்பது வாழும் உரிமையில் அடங்கும் என்று சொல்லி, முன்கூட்டியே மருத்துவ விருப்பத்தை எழுதி வைப்பதை அனுமதித்தது. முதலில் மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடமோ கெஸட்டட் அதிகாரியிடமோ கையெழுத்து வாங்கினால் போதும் என்று ஆக்கினார்கள். நோயாளி தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டும். சேரும் அன்றே இந்தப் பேச்சை எடுத்து, நோயாளியின் விருப்பத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்கிறார்களா என்று பாருங்கள். இது கருணைக்கொலை இல்லை. மருந்து கொடுத்து உயிரை முடிப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம்.

வீட்டிலேயே வைத்துப் பார்க்க விரும்புகிறோம். வீட்டுக்கு வரும் குழுவை எப்படி எடைபோடுவது?

வாரத்துக்கு எத்தனை முறை வருவார்கள், எந்த ஏரியா வரை வருவார்கள், டாக்டர் வருவாரா நர்ஸ் மட்டுமா என்பவை அடிப்படை. அதை விட முக்கியம், உங்களுக்கு எவ்வளவு கற்றுத்தருகிறார்கள் என்பது. வாரத்தின் 168 மணி நேரத்தில் அவர்கள் ஒன்றிரண்டு மணி நேரம்தான் இருப்பார்கள். மிச்ச நேரம் நீங்கள்தான். புண்ணுக்கு டிரெஸ்ஸிங், ட்யூபில் கஞ்சி ஊற்றுவது, யூரின் பேக் மாற்றுவது, இரண்டு பேராகச் சேர்ந்து திருப்புவது இவற்றை அவர்கள் செய்துகாட்டி, பிறகு உங்களைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மருந்து அட்டவணையைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதித் தர வேண்டும். கவனிக்கிற மருமகளோ மனைவியோ தூங்கினாரா, சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்கிற குழு கிடைத்தால் விடாதீர்கள்.

அரசுத் திட்டத்தை மறந்துவிட வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு நிற்பதில்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே நோய் ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் அதில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அரசின் சுகாதார உதவி எண் 104-ல் கேட்டாலும் விவரம் சொல்வார்கள். அறக்கட்டளைக் குழு ஒன்றும் அரசு நர்ஸும் மாறி மாறி வருவது பல வீடுகளுக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது.

செலவு?

சென்னை மாத்தூரில் உள்ள ஜீவோதயா போன்ற அறக்கட்டளை ஹாஸ்பிஸ்கள் கட்டணமே வாங்குவதில்லை. இலவசம் என்றால் தரம் குறைவு என்று நினைக்க வேண்டாம். மனசு வைத்து நடத்தும் இடங்கள் பல இந்த வகையில்தான் இருக்கின்றன. ஆனால் படுக்கை கிடைக்கக் காத்திருக்க நேரலாம். தனியார் இடமாக இருந்தால் தினக்கட்டணத்தில் எது அடக்கம், எது தனி என்று எழுத்தில் வாங்குங்கள். டயபர், டிரெஸ்ஸிங், ஏர் பெட் வாடகை, ஆக்ஸிஜன், டாக்டர் விசிட் இவைதான் பில்லை ஏற்றுபவை. முன்பணம் கட்டி, இரண்டு நாளில் நோயாளி இறந்துவிட்டால் மீதி திரும்பக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். கேட்கவே நாக்கு கூசும், கேட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸ் இருந்தால் அதே கேள்வியை அந்தக் கம்பெனிக்கும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

எதைப் பார்த்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும்?

குணமாக்கிவிடுவோம் என்று சொன்னால். குடும்பத்தாரை வாரத்தில் ஒருநாள் மட்டும் அரைமணி நேரம் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தினால். கேஸ் ஷீட்டைக் காட்ட மறுத்தால். எப்போது போனாலும் எல்லா நோயாளிகளும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்து, என்ன மருந்து என்று கேட்டால் மழுப்பினால். கையைக் கட்டிலில் கட்டி வைத்திருந்தால். ஒரு மதத்தின் பிரார்த்தனைக்கு நோயாளியைக் கட்டாயப்படுத்தினால். கிறிஸ்தவ மிஷனரிகளும் ராமகிருஷ்ண மடம் சார்ந்தவர்களும் முஸ்லிம் அறக்கட்டளைகளும் நல்ல மருத்துவச் சேவை செய்கிறார்கள், அது வேறு. நோயாளி கேட்டால் அவருடைய சாமியாரையோ பாதிரியாரையோ ஹஜ்ரத்தையோ வரவழைக்கத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சேர்த்த பிறகு சரியில்லை என்று தெரிந்தால்?

முதலில் பொறுப்பு டாக்டரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள்: "நேற்று ராத்திரி பத்து மணியிலிருந்து வலி 8, மருந்து ஒரு மணிக்குத்தான் கிடைத்தது" என்கிற மாதிரி. பொதுவாகத் திட்டினால் பொதுவான பதில்தான் வரும். ஒரு நாளில் மாற்றம் தெரியவில்லை என்றால் இடத்தை மாற்றத் தயங்காதீர்கள். கேஸ் சம்மரியும் மருந்துப் பட்டியலும் உங்களுக்குத் தர வேண்டியது அவர்கள் கடமை. கடும் அலட்சியம் என்றால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மருத்துவ நிறுவனங்கள் தமிழ்நாட்டில் 1997-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று சேரும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இறந்த பிறகு அவர்கள் என்ன செய்ய வேண்டும்?

ஹாஸ்பிஸில் இறந்தால் மரணத்தைப் பதிவு செய்யும் வேலையை அவர்களே தொடங்கிவிடுவார்கள். வீட்டில் இறந்தால்தான் சிக்கல். இறப்புக்குக் காரணம் எழுதிக் கையெழுத்திட டாக்டர் கிடைக்காமல், சவத்தை வைத்துக்கொண்டு குடும்பம் அலையும். வீட்டுக்கு வரும் குழுவிடம் முதல் நாளே கேளுங்கள்: "அந்த நேரத்தில் டாக்டர் வந்து பார்த்து, இறப்புக் காரணத்தை 4ஏ படிவத்தில் எழுதித் தருவாரா?" அதை வைத்துக்கொண்டு கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடமும், நகரம் என்றால் நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்திலும் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பென்ஷன், பேங்க், இன்ஷூரன்ஸ் எல்லாமே அந்தச் சான்றிதழில்தான் தொடங்கும்.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு ஒரு போன் பண்ணி, கவனித்துக்கொண்டவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பதும் இந்தச் சிகிச்சையில் சேர்ந்ததுதான். அதைச் செய்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். மிச்சமுள்ள மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி, கொடுத்த இடத்திலேயே திருப்பி ஒப்படைத்து, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குப்பையில் போடவும் வேண்டாம், இன்னொரு நோயாளிக்குக் கொடுக்கவும் வேண்டாம்.